சட்டைப் பைக்குள் ஒரு ரிவால்வர்: வாங்குமுன் ஒரு கணக்கு

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சிசிடிவி கேமரா பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நம் நண்பர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கேமரா திருடனைப் படம் பிடிக்கும், சரி. தடுக்குமா? பாக்கெட்டில் போட்டுக்கொள்கிற மாதிரி சின்னதாக, கனமில்லாத ரிவால்வர் ஒன்றை லைசென்ஸோடு வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்கலாம்?" பலர் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காலை நடைப்பயிற்சியில் அவர் துணைவியாரின் சங்கிலியைப் பைக்கில் வந்தவர்கள் இழுத்ததில், அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பையன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். நம் தெருக்களில் பாதி வீடுகளின் நிலைமை இதுதான்.

பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல, பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் கிளையில் காவலர் துப்பாக்கியின் ஃபைல் பல வருடம் என் மேஜையில்தான் இருந்தது. லைசென்ஸ் புதுப்பிப்பது, தோட்டாக் கணக்கு எழுதுவது, தேர்தல் வந்தால் கடிதம் எழுதுவது எல்லாம் என் வேலை. அந்த அனுபவத்தோடு, இந்த ஒரு மாதம் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கடையில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். நண்பரின் பையன் அங்கிருந்து படம் அனுப்பியிருந்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஐந்து தோட்டா, அலுமினிய உடல், எடை ஏறக்குறைய 400 கிராம். அந்த வகைக்கு 1950-லிருந்து வரலாறு உண்டு. பாக்கெட் ரிவால்வர் என்று உலகம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அது நமக்கு ஆகாது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் வரவழைப்பது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அதற்கு முன் வந்த பழையவை லைசென்ஸ்தாரர்களுக்குள் கை மாறுகின்றன, விலை கேட்டால் தலை சுற்றும். தவிர, போலீஸும் ராணுவமும் பயன்படுத்துகிற 9 எம்.எம்., .38 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள பெரியவர்கள் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர் ஆலோசனையை எந்தத் தம்பி அனுப்பினாலும், பல்லாவரத்துக்கு அது பொருந்தாது.

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 அளவு. அரசுத் தொழிற்சாலையான கான்பூரில் செய்கிற பழைய .32 ரிவால்வர், வெப்லி என்ற ஆங்கிலேயர் கால மாதிரியைப் பின்பற்றியது. எடை சுமார் 700 கிராம். நடுவில் மடித்துத் திறந்து ஆறு தோட்டா போட வேண்டும். அதன் தம்பிதான் 2014 ஜனவரியில் வந்த "நிர்பீக்". டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்கு அடுத்து, பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று சொல்லி வெளியிட்டார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம், விலை அப்போதே சுமார் 1,22,000 ரூபாய். நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டி எனக்குச் சரியாகப் படவில்லை. நகையையும் துப்பாக்கியையும் ஒரே இடத்தில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் வந்துவிடக் கூடாது.

இதைவிடச் சின்னது "நிடர்". மேற்கு வங்கம் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது, .22 அளவு, எடை வெறும் 250 கிராம். கடைசியாக 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து "பிரபல்" வந்தது. மடித்துத் திறக்காமல் தோட்டா உருளையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளித் தோட்டா போடலாம். குழல் 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் 177.6 மில்லிமீட்டர், தோட்டா இல்லாமல் எடை 700 கிராம். இதைச் செய்கிற பொதுத்துறை நிறுவனத்தின் கீழேதான் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கிறது.

250, 500, 700. கேட்டவுடன் என்ன தோன்றும்? குறைந்த எடைதான் நல்லது, பாக்கெட்டுக்கு அதுதான் சரி என்று. இங்கேதான் கணக்கு புரள்கிறது.

துப்பாக்கி வெடித்ததும் தோட்டா முன்னால் போகிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பள்ளியில் படித்த நியூட்டன் விதிதான். ஒரே தோட்டாவை 700 கிராமிலும் சுடலாம், 350 கிராமிலும் சுடலாம். பாதி எடையுள்ளது இரண்டு மடங்கு வேகத்தில் கையை உதைக்கும். .32 தோட்டா வலிமையில் சாதாரணமானதுதான், தோள் கழன்றுவிடாது. ஆனால் முதல் குண்டுக்குப் பிறகு குழல் மேலே ஏறிவிடும், இரண்டாவது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நம் தெரு அகலம் இருபது அடி. எதிர் வீட்டு ஜன்னல் எவ்வளவு பக்கம் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று ட்ரிக்கர். அவசரத்தில் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுக்க நேரம் இருக்காது. நேராக ட்ரிக்கரை அழுத்தினால், அந்த ஒரே அழுத்தத்தில் உருளை சுழல வேண்டும், சுத்தியல் பின்னுக்குப் போக வேண்டும், பிறகு விழ வேண்டும். அதனால் இந்த மாதிரி ரிவால்வர்களில் பொதுவாக 4, 5 கிலோ அழுத்தம் தேவைப்படும். அரைக் கிலோ பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் 5 கிலோ இழுத்தால் பொருள் அசையாமல் இருக்குமா? குழல் குட்டையாக இருந்தால், குறிபார்க்கும் முனைக்கும் பள்ளத்துக்கும் இடையே தூரம் குறைவு. நூல் அளவு அசைந்தாலும் எதிரில் ஒரு கை அளவு விலகும். மாத்திரை அட்டையைக் கிழிக்கவே பேரனைக் கூப்பிடுகிற விரல் நம்முடையது. கிண்டல் செய்யவில்லை, என் விரலும் அப்படித்தான்.

ஆக, எந்த லேசு அதைப் பாக்கெட்டுக்குள் அடக்குகிறதோ, அதே லேசுதான் அதைச் சுடுவதற்குக் கடினமாக்குகிறது. நன்கு பழகியவர்கள் கூடச் சின்ன ரிவால்வரில் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டியிருக்கிறது. எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே உறுப்பினராகி, மாதம் தவறாமல் போய் வருகிறேன் என்று இங்கே இருக்கிறவர்களில் யார் சொல்வீர்கள்? எழும்பூருக்குக் கண் மருத்துவமனைக்குப் போகவே நாம் வேன் ஏற்பாடு செய்கிறோம்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். எந்த பாக்கெட்? நாளைக் காலை ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராதா நகர் வரை நடந்து பாருங்கள். அதுதான் ஏறக்குறைய நிர்பீக்கின் எடை. சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும், பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேட்டியில் பை கிடையாது. பச்சை பெல்ட் பை பர்ஸுக்குத்தான் ஆகும். புடவைக்கு அதுவும் இல்லை, கைப்பைதான், சங்கிலி இழுக்கிறவன் முதலில் கை வைப்பதும் அதில்தான். பேன்ட் பாக்கெட்டில் போடுகிறவர்கள் சாவி, சில்லறை எதுவும் அதே பையில் வைக்கவே கூடாது. சாவி வளையம் ட்ரிக்கரில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் வெறும் பாக்கெட்டை ஒப்புக்கொள்ளவில்லை. 2016-ம் வருட ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் அதற்கென்று செய்த உறையில் உடலோடு சேர்த்தோ, அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றிலோ வைத்திருக்க வேண்டும். வெளியே தெரியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும், எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தோல் உறைகள் சில சமயம் கண்ணில் படும். வாங்கி அலமாரியில் மாட்டலாம், அதில் ரிவால்வர் வைக்காதீர்கள். உறை அந்தந்த மாடலுக்குச் செய்ததாக, ட்ரிக்கரை முழுதாக மறைக்கிற கெட்டியான தோலாக இருக்க வேண்டும். தொளதொளத்த உறை வெறும் பாக்கெட்டைவிட மோசம். இன்னொரு விஷயம் நம் ஊர் வியர்வை. மே மாதம் உடம்போடு ஒட்டியிருக்கிற இரும்பு ஒரே வாரத்தில் துருப் புள்ளி காட்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கும் திருகுகளும் எஃகுதான். தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். தையல் மெஷினுக்கே எண்ணெய் போடாத வீடுகள் நம்முடையவை.

இவ்வளவையும் சமாளித்துவிட்டோம் என்று வையுங்கள். பைக்கில் வருகிறவன் சங்கிலியை இழுக்க எத்தனை நொடி ஆகும்? மூன்று. பின்னாலிருந்து வருகிறான். நீங்கள் திரும்பி, அவன்தான் என்று புரிந்து, சட்டையை விலக்கி, உறையிலிருந்து எடுப்பதற்குள் அவன் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருப்பான். அவன் முதுகில் சுடலாமா? தற்காப்பு உரிமை இப்போது 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்ததன் மறுபதிப்புதான். தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யக் கூடாது என்பது அதில் அடிப்படை விதி. உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், இரவில் வீடு புகுதல், கொள்ளை போன்றவற்றில் உரிமை அகலமானது. ஆனால் தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது. ஓடுகிறவன் முதுகில் குண்டு இருந்தால், எழுபது வயதில் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியது நீங்கள்.

எங்கள் கிளைக் காவலர் முன்னாள் ராணுவ வீரர். இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். ஒருநாள் தோட்டாக் கணக்கு எழுதும்போது, "இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட செலவாகலையே" என்றேன். "சார், இது சுடறதுக்கு இல்ல, காட்டறதுக்கு. வெளியில் தெரியுதுல்ல, அதுதான் வேலை செய்யுது" என்றார். பாக்கெட் ரிவால்வர் அந்த வேலையைச் செய்யாது. மறைத்து வைத்திருப்பதால் யாரும் பயப்பட மாட்டார்கள். எடுத்தால் சுட வேண்டும், சுட மாட்டோம் என்றால் எடுக்கவே கூடாது. 2012-ல் ஜனவரியில் பெருங்குடியிலும், பிப்ரவரியில் நம் பக்கத்துக் கீழ்க்கட்டளையிலும் துப்பாக்கி காட்டி வங்கிக் கொள்ளை நடந்தபோது, "நமக்கும் ஒண்ணு வேணும்" என்று பலர் பேசினார்கள். என்னிடம் கேட்டவர்களிடம் காவலர் சொன்னதைத்தான் சொன்னேன்.

சினிமாவில் ஜெய்சங்கர் ஒரு குண்டு சுட்டால் வில்லன் மாடியிலிருந்து விழுவான். நிஜம் அப்படியில்லை. 1967 ஜனவரி 12 அன்று, நமக்கு அருகிலுள்ள ராமாவரம் தோட்டத்தில், எம்.ஜி.ஆர். கைக்கெட்டும் தூரத்தில் சுடப்பட்டார். எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயம் பட்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் கதாநாயகனாக நடித்து, முதலமைச்சராகவும் ஆனார். கைத்துப்பாக்கிக் குண்டு யாரையும் உடனே நிறுத்திவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இனி லைசென்ஸ். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. 2022 ஜனவரி முதல் நமக்குத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்துவிட்டது, ஆகவே மனு ஆணையர் அலுவலகத்துக்குப் போகும். மருத்துவச் சான்று வேண்டும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும், காவல் நிலைய விசாரணை நடக்கும். எல்லாவற்றையும்விட, உங்கள் உயிருக்குக் குறிப்பாக என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். "ஏரியா சரியில்லை" என்பது போதாது. உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கு மேல் லைசென்ஸ் இருந்ததாக உள்துறைக் கணக்கு சொன்னது. நம் மாநிலத்தில் அதில் மிகச் சின்னப் பங்குதான். என் பார்வையில் அது நமக்கு நல்லதே.

கிடைத்தாலும் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், உறையோடு திருப்பதிக்குக் காரில் கிளம்பி மாநில எல்லையைத் தாண்டிய நிமிடம் நீங்கள் குற்றவாளி. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குக் கொடுக்கிறார்கள், ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருடச் சிறை. "தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பழசு இருக்கு, வாங்கித் தரேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர் துப்பாக்கிக்கே விலக்குக் கேட்டு ஒவ்வொரு தடவையும் கடிதம் தட்டியவன் நான்.

எல்லாம் கேட்ட பிறகும், "எனக்கு நிஜமாகவே மிரட்டல் இருக்கிறது, லைசென்ஸும் கிடைக்கும், எதை வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்டால் என் பதில் இது. லேசானதைத் தேடாதீர்கள். 700 கிராமுள்ள பிரபல் அல்லது பழைய .32 மாடல் கையில் நிற்கும். உங்கள் விரலால் ட்ரிக்கரைத் தொடர்ந்து ஆறு முறை அழுத்த முடிகிறதா என்று, தோட்டா இல்லாமல், கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். நான்காவது முறை கை நடுங்கினால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. 250 கிராம் .22 உதைக்காது, ஆனால் அதன் குண்டு மிகச் சின்னது, அந்த வகைத் தோட்டா வெடிக்காமல் போவதும் மற்றதைவிட அதிகம். வாங்கியதை வீட்டில் பூட்டிய பெட்டியில் வையுங்கள், தோட்டா வேறு இடத்தில். பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவார்கள். தாத்தா ஒளித்து வைத்த சாக்லேட்டை இரண்டே நாளில் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்.

நம் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், நேரிலும் சொல்லிவிட்டேன். காலை நடையை ஐந்தரைக்குப் பதில் ஆறேகாலுக்கு மாற்றி, நாலைந்து பேராகப் போகலாம். தெருவோரம் நடக்கையில் சங்கிலி போட்டவர் சுவர்ப் பக்கம், மற்றவர் சாலைப் பக்கம். சங்கிலியையே வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது, தாலிச் சரட்டை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வதில் அம்மாவுக்குத் தடையில்லையாம். பெப்பர் ஸ்ப்ரேக்கு லைசென்ஸ் தேவையில்லை, கைக்குள் அடங்கும். அவசரத்துக்கு 112. ஊருக்குப் போனால் காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. நம் பகுதியில் முன்னாள் ராணுவத்தினர் வீடுகள் உண்டு. லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், பீரோவில் இருக்கும் ரிவால்வர் மறுநாளே மனைவி சொத்தாகிவிடாது. அவர் பெயரில் லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், பிறகு வாரிசாக விண்ணப்பிக்கலாம், அல்லது விற்கலாம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதியில் இடம் இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது ஓர் அம்மா மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்து, "இவர் போனபின் இது வீட்டில் இருக்கப் பயமாயிருக்கு, லாக்கரில் வைக்கலாமா தம்பி?" என்று கேட்டார். லாக்கரில் ஆயுதம் வைக்கக் கூடாது. பையைத் திறக்காமல், மேலாளரிடம் சொல்லி, காவல் நிலையத்துக்குப் போன் செய்து, அங்கிருந்து வந்த காவலரோடு அந்த அம்மாவை அனுப்பி வைத்தோம். நான்கு மாதமாக அதை அரிசி டிரம்மில் வைத்திருந்தாராம்.

அப்படி யார் வீட்டிலாவது பழைய லைசென்ஸ் இருந்தால், தேதி முடிந்துவிட்டதா என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள். ஒப்படைப்பு மனு எழுத உதவி வேண்டுமென்றால், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் இருப்பேன். லைசென்ஸ் நகல் மட்டும் கொண்டு வாருங்கள், துப்பாக்கியைக் கொண்டு வர வேண்டாம்.